முடியை நேராக்கும் முன் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்

கேள்வி: சென்னையில் இருக்கிறேன், இடுப்பு வரை முடி. நேரும் இல்லை, சுருட்டையும் இல்லை. தலை குளித்துக் காய்ந்ததும் பரட்டையாக எழுந்து நிற்கும். தை மாதம் எனக்குக் கல்யாணம். கெரட்டின், ஸ்மூத்தனிங், போட்டாக்ஸ் என்று பார்லருக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். எதைச் செய்வது? வீட்டிலேயே நேராக்க வழி உண்டா? இளநரைக்காக மாதம் ஒரு முறை கறுப்பு மருதாணி போடுவேன். வீட்டில் போர் தண்ணீர்தான்.

பதில்:

கடைசியில் போகிறபோக்கில் சொன்னீர்களே, அந்தக் கறுப்பு மருதாணிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. பாதி பதிலை அதுவே முடிவு செய்துவிடுகிறது. கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் தலையில் எந்த ரசாயன வேலையும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சலூனில் பல வருடம் முடி வேலை செய்து, இப்போது இளம் பெண்களுக்குப் பயிற்சி தருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். ஏன் என்று விளக்கினால்தான் ஏற்றுக்கொள்வீர்கள். அதற்கு முடி எதனால் வளைகிறது, எதனால் நேராகிறது என்பது கொஞ்சம் தெரிய வேண்டும்.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும் பிணைப்புகளில் நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டாலே அவிழ்ந்துவிடும், காயும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். ஈர முடியைப் பின்னிக் காயவிட்டால் மறுநாள் அலை அலையாக இருப்பது இதனால்தான். இன்னொன்று கந்தகப் பிணைப்பு. இரண்டு இழைகளுக்கு நடுவே ஏணிப்படி மாதிரி நின்று முடிக்கு அதன் வடிவத்தைத் தருவது இதுதான். தண்ணீருக்கு இது அசையாது. இதை உடைக்க ரசாயனம் வேண்டும். அலையோ சுருட்டையோ தோலுக்கு அடியில் முடி உருவாகும் இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் எந்தச் சிகிச்சை செய்தாலும் வேரிலிருந்து புதிதாக வருகிற முடி உங்கள் பழைய முடியாகத்தான் வரும். ‘பெர்மனென்ட்’ என்று பார்லரில் சொல்வது வெளியே வந்துவிட்ட முடிக்கு மட்டும் பொருந்தும்.

பரட்டை தனிக் கதை. முடியின் மேல் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்கு உண்டு. அது தேய்ந்தோ தூக்கிக்கொண்டோ இருந்தால் காற்றிலுள்ள ஈரம் சுலபமாக உள்ளே போகும். காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும்போது முடி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு அளவுக்கு உப்பி, ஒவ்வொரு பக்கம் திரும்புவதைத்தான் பரட்டை என்கிறோம். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் வருடம் முழுக்க இந்தத் தொல்லை இருக்கும். கோயம்புத்தூருக்கு மாறிப் போன பெண்கள் ‘என் முடி அங்கே அடங்கிவிட்டது’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். காரணம் காற்றுதான்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். ‘எனக்குப் பரட்டை முடி’ என்று வருகிற பெண்களில் நிறையப் பேருக்கு இருப்பது அழகான அலை முடி. காய்ந்த பிறகு நெருக்கமான சீப்பை வைத்து மேலிருந்து கீழே இழுப்பார்கள். சேர்ந்திருந்த அலை பிரிந்து பஞ்சாகிவிடும். ஒரு முறை சோதித்துப் பாருங்கள். தலை குளிக்கும்போது கண்டிஷனர் முடியில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் சிக்கெடுங்கள். அலசிவிட்டு, அதற்கப்புறம் சீப்பே தொடாமல் காயவிடுங்கள். பட்டை பட்டையாக அலை விழுந்தால் உங்களுக்கு நேராக்கும் வேலையே தேவையில்லை, முடியைக் கையாளும் விதத்தை மாற்றினால் போதும்.

அதில் முதலில் மாற்ற வேண்டியது துண்டால் தட்டுகிற பழக்கம். நம் வீடுகளில் தலை குளித்ததும் குனிந்து நின்று, துண்டை முறுக்கிப் பட்பட்டென்று அடித்துக் காயவைப்போம். ஈர முடிதான் முடியின் மிகப் பலவீனமான நிலை. அந்த அடியில் செதில் தூக்கும், நுனி உடையும். பழைய பருத்தி பனியனோ மெல்லிய வேட்டித் துணியோ எடுத்து, கசக்காமல் கைப்பிடி கைப்பிடியாக அழுத்தித் தண்ணீரை எடுங்கள்.

அடுத்தது உங்கள் போர் தண்ணீர். அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். கடைசியாக ஒரே ஒரு சொம்பு வடிகட்டிய தண்ணீரில் அலசினாலே வித்தியாசம் தெரியும். மாதம் ஒன்றிரண்டு முறை உப்புப் படிவை நீக்குகிற ஷாம்பூ, மற்ற நாட்களில் மென்மையான ஷாம்பூ, காதுக்குக் கீழே முழுக்கக் கண்டிஷனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிப்பதற்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தடவுகிற நம் பழக்கம் நல்லது, விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அந்த வேலையைச் செய்யவில்லை.

இப்போது வீட்டில் நேராக்குவதைப் பற்றி. சமையலறைப் பொருள்களை முதலில் முடித்துவிடலாம். முட்டை, தயிர், தேங்காய்ப் பாலில் சோளமாவு, ஆளி விதை ஜெல், வெண்டைக்காய் வழவழப்பு, கற்றாழை: இவற்றில் ஒன்றுகூடக் கந்தகப் பிணைப்பைத் தொடாது. ஆளி விதையும் வெண்டைக்காயும் முடிமேல் மெல்லிய படலமாகப் படிந்து, அடுத்த குளியல் வரை பரட்டையை அடக்கும். அந்த அளவுக்கு அவை நல்லவைதான், தாராளமாகப் போடுங்கள். முட்டையிலுள்ள புரதம் அப்படியே முடிக்குள் நுழையாது, மூலக்கூறு பெரியது. எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் உட்காருவது மட்டும் வேண்டவே வேண்டாம். முடி வறளும், தோல் எரிச்சலாகும்.

வீட்டில் உண்மையிலேயே நேராக்கித் தருவது தண்ணீரும் சூடும் இழுப்பும்தான். ஹைட்ரஜன் பிணைப்பு அவிழ்ந்திருக்கும்போது முடியை நேராக இழுத்துப் பிடித்து, அந்த நிலையிலேயே காயவைத்து, ஆறவும் வைத்தால் நேராக நிற்கும். டிரையர் வைத்திருந்தால் முடி முக்கால்வாசி காயும் வரை சும்மா காயவிடுங்கள். பிறகு டிரையரின் வாயில் தட்டையான மூக்கை மாட்டி, காற்று வேரிலிருந்து நுனியை நோக்கிப் போகும்படி, வட்ட பிரஷ்ஷால் முடியை இழுத்துப் பிடித்துக் காயவையுங்கள். காற்று நுனியிலிருந்து மேல்நோக்கி அடித்தால் செதில் எல்லாம் எழுந்துகொள்ளும், செய்த வேலை வீண். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் குளிர்காற்று பொத்தானை அழுத்தி, அந்தப் பகுதி ஆறும் வரை பிரஷ்ஷை எடுக்காதீர்கள். பலர் இதைச் செய்வதில்லை. வடிவம் நிலைப்பது முடி ஆறும்போதுதான்.

ஸ்ட்ரெய்ட்னர் என்கிற அயர்ன் பயன்படுத்தினால் சூடு காட்டுகிற கருவியாக வாங்குங்கள். ‘ஆன்’, ‘ஆஃப்’ மட்டும் உள்ள மலிவுக் கருவியில் எவ்வளவு சூடு என்றே தெரியாது. மெல்லிய முடிக்கும் கலர் போட்ட முடிக்கும் 150 டிகிரி செல்சியஸ் போதும், நடுத்தர முடிக்கு 170, 180. 200க்கு மேல் வீட்டில் யாருக்கும் தேவையில்லை. விரல் அகலத்துக்கு மெல்லிய பகுதியாக எடுத்து, மெதுவாக ஒரே தடவை இழுங்கள். தடியான பகுதியை எடுத்து ஐந்தாறு தடவை இழுப்பதைவிட இது நூறு மடங்கு மேல். அயர்ன் பட்டதும் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்து ஆவி எழும்பினால் உடனே நிறுத்துங்கள். முடிக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து, உள்ளேயே குமிழியாகி முடியைப் பிளக்கிற சத்தம் அது. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த முடித் தண்டுக்குள் நிஜமாகவே குமிழிகள் தெரியும். அந்த இடத்தில் முடி ஒடியும், எந்த சீரமும் அதை ஒட்டாது. எண்ணெய் தடவிய முடியிலும் அயர்ன் வைக்காதீர்கள்.

இப்படி நேராக்கியது அடுத்த குளியல் வரைக்கும்தான். வியர்வை, மழை, கடல்காற்று பட்டால் அதற்கு முன்னாலேயே திரும்பிவிடும். சிலிகான் கலந்த சீரம் ஒரு சொட்டு நுனியில் தடவினால் ஈரம் உள்ளே போவது கொஞ்சம் தாமதமாகும்.

சரி, பார்லருக்கு வருவோம். அங்கே சொல்கிற பெயர்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கெரட்டின், போட்டாக்ஸ், நானோபிளாஸ்டியா, சிஸ்டைன், ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் என்று பெயர் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே நடப்பது இரண்டே வகைதான்: ஒன்று, முடிமேலும் செதிலுக்கு அடியிலும் ஒரு பொருளைச் சூட்டால் பூட்டுவது. இன்னொன்று, கந்தகப் பிணைப்பை உடைத்து நேராக வைத்து மறுபடி சேர்ப்பது. எந்த வகை என்பது பாட்டிலின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். பாட்டிலைக் காட்டுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. காட்ட மறுத்தாலோ, சின்ன டப்பாவில் மாற்றி ஊற்றிக் கொண்டுவந்தாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாம் வகையை முதலில் சொல்கிறேன். ரீபாண்டிங்கும், நம் ஊர் பார்லர்களில் ஸ்மூத்தனிங் என்று செய்வதில் பெரும்பகுதியும் இதில்தான் அடங்கும். இரண்டுக்கும் க்ரீமின் வீரியத்திலும் அயர்ன் வைக்கும் சூட்டிலும்தான் வித்தியாசம். பாட்டிலில் அம்மோனியம் தயோகிளைக்கோலேட் அல்லது தயோகிளைக்கோலிக் ஆசிட் என்று இருக்கும். அழுகிய முட்டை வாடை வந்தாலே இது என்று கண்டுபிடித்துவிடலாம். பழைய காலத்திலிருந்து சுருள் வைக்கப் பயன்பட்ட அதே ரசாயனம். ஜப்பானில் 1990களில் இதோடு அயர்னையும் சேர்த்துச் செய்கிற முறை பரவியது. யூகோ யமாஷிதா என்ற பெண்மணியின் பெயரில் அது அமெரிக்காவுக்கும் போனது. நம் ரீபாண்டிங் அதன் வழியில் வந்ததுதான்.

வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். முடியை அலசிக் காயவைத்து, தலைத்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி க்ரீம் போடுவார்கள். கந்தகப் பிணைப்பு உடைந்து முடி இளகும். எவ்வளவு நேரம் வைப்பது என்பதில்தான் கைத்திறமை முழுவதும் இருக்கிறது. நல்ல கைக்காரி கடிகாரத்தை மட்டும் நம்ப மாட்டாள். சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஓர் இழையை எடுத்து, க்ரீமைத் துடைத்துவிட்டு, விரலில் சுற்றி மெதுவாக இழுத்துப் பார்ப்பாள். கொஞ்சம் நீண்டு, சுற்றிய வடிவத்திலேயே சோம்பலாக நின்றால் பதம் வந்துவிட்டது. இழுத்ததும் பழையபடி துள்ளித் திரும்பினால் இன்னும் ஆகவில்லை. சூயிங்கம் மாதிரி இழுத்த இழுப்புக்கு நீண்டுகொண்டே போனால் எல்லை தாண்டிவிட்டது, அந்த முடியைக் காப்பாற்ற முடியாது. பதம் வந்ததும் நன்றாக அலசி, முழுவதும் காயவைத்து, மெல்லிய பகுதிகளாக அயர்ன் செய்து, நியூட்ரலைசர் போடுவார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடோ சோடியம் புரோமேட்டோ இருக்கும் அந்தக் கரைசல்தான் உடைந்த பிணைப்புகளைப் புது நிலையில் சேர்க்கிறது. இடுப்பு வரை முடிக்கு இதெல்லாம் முடிய ஐந்தாறு மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதன் பிறகு மூன்று நாள் தலை குளிக்கக் கூடாது, கட்டக் கூடாது, காதுக்குப் பின்னால்கூடச் செருகக் கூடாது என்பார்கள். பார்லர் சொன்னபடி கேளுங்கள். நேரான பகுதி நேராகவே இருக்கும். வேரில் மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் பழைய முடி வளரும். ஆறேழு மாதத்தில் மேலே அலையும் கீழே கம்பி மாதிரி நேருமாக இரண்டு முடி தெரியும். அப்போது வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் செய்ய வேண்டும். ஏற்கெனவே செய்த பகுதிமேல் மறுபடி க்ரீம் இழுத்தால் அந்தச் சந்தியிலேயே ஒடியும். ‘ரீபாண்டிங் பண்ணினேன், முடி கொட்டிவிட்டது’ என்பவர்கள் கொட்டிய முடியை எடுத்துப் பார்க்கட்டும். நுனியில் வெள்ளை வேர் இல்லாமல் பாதியில் அறுந்திருந்தால் அது உதிர்வு அல்ல, உடைவு. பெரும்பாலும் இந்த மேல்மேல் பூச்சால் வருவது.

வீட்டில் செய்கிற ரீபாண்டிங் கிட் கடையில் கிடைக்கிறது. உங்கள் பின்மண்டையை நீங்களே பார்க்க முடியாது, பதம் பார்க்கவும் முடியாது. அந்த க்ரீம் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். வேண்டாம்.

இப்போது உங்கள் மருதாணி. வெறும் மருதாணி இலைப்பொடி என்றால் அது முடிமேல் படலமாக ஏறி, க்ரீம் சமமாக உள்ளே போகவிடாது. நேராவது திட்டுத்திட்டாக இருக்கும், அவ்வளவுதான். பாக்கெட்டில் வரும் ‘கறுப்பு மருதாணி’ வேறு. கறுப்பு நிறம் மருதாணியிலிருந்து வராது. பெரும்பாலும் பிபிடி என்ற சாயம் கலந்திருப்பார்கள், சிலவற்றில் உலோக உப்புகளும் இருக்கும். உலோக உப்பு ஏறிய முடியில் நியூட்ரலைசரின் பெராக்சைடு பட்டால் முடி சூடேறி, நிறம் மாறி, கையோடு வந்துவிடக்கூடும். இதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. சீப்பில் வந்த முடியில் கொஞ்சம் எடுத்து, 20 வால்யூம் என்ற வீரியமுள்ள பெராக்சைடில் சில சொட்டு அம்மோனியா கலந்து அரைமணி நேரம் ஊறவைப்பார்கள். சூடாகிறதா, நுரைக்கிறதா, சட்டென்று நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். எதுவும் நடக்காவிட்டால்தான் அடுத்த கட்டம். உங்கள் பார்லரில் இந்தச் சோதனையைக் கேளுங்கள். அவர்களுக்கு இது என்னவென்றே தெரியாவிட்டால் அங்கே ரசாயன வேலை செய்துகொள்ள வேண்டாம். மாதம் ஒரு சென்டிமீட்டர் கணக்கில் பார்த்தால் உங்கள் முடியின் நுனி ஐந்தாறு வயது முடி. இன்றைக்கு மருதாணியை நிறுத்தினாலும் இத்தனை வருடம் போட்டது அங்கேயே இருக்கிறது.

முதல் வகைக்கு வருகிறேன். கெரட்டின் ட்ரீட்மென்ட் என்பது இதுதான், இதில்தான் எனக்குக் கவலை அதிகம். பெயரில் கெரட்டின் இருந்தாலும் நேராக்குவது அது அல்ல. இதன் முதல் வடிவம் பிரேசிலிலிருந்து வந்தது. அதில் வேலை செய்தது ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம். அயர்ன் சூட்டில் அது முடியின் புரதத்தோடு பிணைந்து, முடியை நேராகவும் பளபளப்பாகவும் பூட்டிவிடும். மூன்று நான்கு மாதம் நிற்கும், முடியும் ரீபாண்டிங் அளவுக்கு வீணாகாது. பார்க்க அவ்வளவு அழகாக இருப்பதால்தான் எல்லோரும் கேட்டு வந்தார்கள். ஆனால் அயர்ன் வைத்ததும் அந்த ஃபார்மால்டிஹைடு ஆவியாக எழும்பும். கண் எரியும், தொண்டை கரகரக்கும், மூச்சுத் திணறும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் வைத்தது. வருடத்துக்கு இரண்டு தடவை உட்காரும் உங்களைவிட, தினமும் அந்தப் புகையில் நிற்கிற பார்லர் பெண்ணுக்குத்தான் ஆபத்து அதிகம். மூடிய ஏசி அறையில் முகக்கவசம்கூட இல்லாமல் இந்த வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. துணி முகக்கவசம் இந்தப் புகையைத் தடுக்காது. அந்த அறைக்கு வெளிக்காற்று வேண்டும்.

‘எங்களுடையது ஃபார்மால்டிஹைடு இல்லாதது’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ‘பிரேசிலியன் ப்ளோஅவுட்’ என்ற பிரபலமான திரவத்தின் லேபிளில் அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறை 2010இல் சோதித்து, அதில் ஃபார்மால்டிஹைடு இருப்பதைக் காட்டியது. 2011இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பாட்டிலில் இருந்தது மெத்திலீன் கிளைக்கால். ஃபார்மால்டிஹைடு தண்ணீரில் கரைந்தால் ஆவது அது, சூடேற்றினால் திரும்பவும் ஃபார்மால்டிஹைடு வாயுதான். ஆகவே பாட்டிலில் ஃபார்மலின் (formalin), மெத்தனல் (methanal), மெத்திலீன் கிளைக்கால் (methylene glycol), மெத்தேன்டையால் (methanediol) என்ற பெயர்களில் எது இருந்தாலும் விஷயம் ஒன்றே.

இந்தப் பெயர் கெட்டபிறகு பலர் கிளையாக்ஸிலிக் ஆசிட்டுக்கு மாறினார்கள். இப்போது போட்டாக்ஸ், நானோபிளாஸ்டியா என்ற பெயர்களில் வரும் பலவற்றில் இதுதான் இருக்கிறது. புகை குறைவு என்பதால் ‘ஆர்கானிக்’ என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் 2024 மார்ச்சில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற மருத்துவ இதழில் ஒரு கடிதம் வெளியானது. துனிசியாவைச் சேர்ந்த 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 என்று மூன்று தடவை, ஒவ்வொரு முறையும் முடியை நேராக்கிய அன்றே, வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், முதுகு வலி வந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. க்ரீமில் 10 சதவீதம் கிளையாக்ஸிலிக் ஆசிட் இருந்தது. போடும்போது தலையில் எரிச்சலும் புண்ணும் வந்திருந்தன. அந்த க்ரீமை எலிகளின் தோலில் தடவிப் பார்த்தபோது சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் சேர்ந்தன. இஸ்ரேலிலும் முடி நேராக்கியபின் சிறுநீரகம் பாதித்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். செய்துகொள்கிற எல்லோருக்கும் இது வராது. ஆனால் நம்மூர் சிறுநீரக டாக்டரிடம் வாந்தி, முதுகு வலி என்று போகும்போது ‘நேற்று பார்லர் போனேன்’ என்று சொல்ல யாருக்கும் தோன்றாது. தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். தலை எரிகிறது என்றால் அந்த நிமிடமே அலசச் சொல்லுங்கள். ‘கொஞ்சம் பொறுத்துக்கோங்க மேடம்’ என்பதைக் கேட்காதீர்கள்.

கர்ப்பப்பைப் புற்றுநோய் பற்றிய செய்தியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 33,497 பெண்களைச் சுமார் 11 வருடம் தொடர்ந்து கவனித்து 2022 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வு அது. ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்தில் நான்கு தடவைக்கு மேல் முடி நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தியவர்களுக்கு, பயன்படுத்தாதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆபத்து இருந்தது. 70 வயதுக்குள் இந்த நோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதத்திலிருந்து 4.05 சதவீதமாக உயர்ந்தது என்று கணக்கிட்டார்கள். எந்த பிராண்டு, எந்த ரசாயனம் என்று அந்த ஆய்வு பிரித்துக் கேட்கவில்லை. அங்கே கறுப்பினப் பெண்கள் சிறு வயதிலிருந்தே அடிக்கடி பயன்படுத்தும், சுருட்டையை நேராக்கும் ரிலாக்ஸர் க்ரீம்களும் அதில் அடக்கம். அதனால் வாழ்க்கையில் ஒரு தடவை ஸ்மூத்தனிங் செய்தவர் பயப்பட வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று வழக்கமாக்கிக்கொள்வதைத்தான் நான் தடுப்பேன். கர்ப்பமாக இருப்பவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எந்த வகையும் செய்ய வேண்டாம். குழந்தை பிறந்து மூன்று நான்கு மாதத்தில் முடி கொத்தாக உதிரும். அதை மறைக்க ஸ்மூத்தனிங் செய்யப் போகிறவர்களையும் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சரி, உங்கள் கல்யாணம். யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்: முகூர்த்த அலங்காரத்துக்கு நேரான, வழுக்குகிற முடி சுத்தமாக உதவாது. சவுரி வைத்துப் பின்னி, ராக்கொடி குத்தி, பூ தைத்த ஜடையை மேலே கட்டினால் அவ்வளவு பாரத்தையும் பிடித்து நிற்பது உங்கள் சொந்த முடிதான். கெரட்டின் போட்ட முடியில் ஹேர்பின் நிற்காது. தாலி கட்டி முடிப்பதற்குள் ஜடை இரண்டு அங்குலம் இறங்கியிருக்கும். அதனால் அப்படிப்பட்ட முடி கிடைத்தால் அலங்காரம் செய்பவர்கள் முதலில் கிரிம்பிங் அயர்ன் வைத்து அதைச் சொரசொரப்பாக்குவார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து வழுவழுப்பாக்கி, அன்றைக்கே அதைத் திரும்பக் கெடுப்பதில் என்ன லாபம்? உங்களுடைய அலை முடி ஜடைக்கு என்றே அமைந்த முடி.

ரிசப்ஷனுக்கு நேராக விரித்துவிட ஆசை இருந்தால் அந்த ஒரு மாலைக்கு ப்ளோ டிரை செய்து அயர்ன் செய்தால் போதும். முதல் நாளே தலை குளித்துவிடுங்கள், அன்று காலை எண்ணெய் வைக்க வேண்டாம். ஹால் ஏசி என்றால் இரவு முழுக்க நிற்கும். திறந்தவெளி புல்தரை, அதுவும் கடலோரம் என்றால் சாப்பாட்டுப் பந்திக்குள் அலை திரும்பிவிடும். அப்படியானால் பாதி முடியைத் தூக்கிக் கட்டி, கீழே தளர்வாகச் சுருட்டி விடும் அலங்காரத்தைக் கேளுங்கள். அதில் ஈரம் ஏறினாலும் தெரியாது. இன்றிலிருந்து தை வரை நான் மேலே சொன்ன கண்டிஷனர், பனியன் துணி, கடைசிச் சொம்புத் தண்ணீர் மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். நுனியில் ஓர் அங்குலம் வெட்டிவிடுங்கள். முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்னால் புதிதாக எந்தக் க்ரீமும் சாயமும் தலையில் ஏற்ற வேண்டாம்.

கல்யாணம் முடிந்தும் நேர் முடி வேண்டும் என்ற ஆசை போகவில்லை என்றால், முதலில் அந்தப் பாக்கெட்டை விட்டுவிட்டு, பொருள்கள் முழுவதும் அச்சிட்டிருக்கும் சலூன் கலருக்கு மாறுங்கள். பிபிடி அதிலும் இருக்கலாம், ஆகவே 48 மணி நேரத்துக்கு முன்னால் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டே போடுங்கள். முடியைத் தோள் வரை வெட்டிக்கொள்ள மனம் வந்தால் பழைய மருதாணி ஏறிய பகுதியில் பெரும்பங்கு போய்விடும். நுனியை வெட்டிக்கொண்டே வந்தால் இரண்டு மூன்று வருடத்தில் மீதியும் போகும். அதற்கப்புறம் பெராக்சைடு சோதனை செய்யத் தெரிந்த சலூனாகப் பார்த்து, பின்கழுத்துப் பக்கம் ஒரே ஒரு கற்றையில் மென்மையான தயோகிளைக்கோலேட் க்ரீமைப் போட்டு, ஒரு வாரம் அதை எண்ணெய், ஷாம்பூ, சீப்பு என்று சாதாரணமாக நடத்திப் பாருங்கள். அந்தக் கற்றை ஒடியாமல், நுனி பிளக்காமல் இருந்தால் முழுத் தலைக்கும் நாள் குறிக்கலாம்.